பூட்டுக்கொட்டாய்க்கு நாங்கள் வைத்த பேர்

அந்த நாளில் மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிற எவனைக் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான். "ஆளுக்கு வேலை கெடச்சிடுச்சுங்க, பெட்டிக்குத்தான் எடம் கெடைக்கல." நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆட்கள் அதைவிட வேகமாக வந்துகொண்டே இருந்தார்கள். நாகர்கோவில்காரன், மதுரைக்காரன், கோயமுத்தூர்க்காரன், எல்லாரும் தகரப்பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக இறங்குவார்கள். ஒருத்தர் குத்துவிளக்கைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார், கைக்குழந்தை மாதிரி. வாடகை ரூம் ஒன்றில் ஆறு பேர். முதல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் இரண்டாம் ஷிப்ட்காரன் படுப்பான். படுக்கவே முறை வைத்துக்கொண்டவர்கள் பெட்டியை எங்கே வைப்பார்கள்?

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நீளமாக ஒரு தகரக் கொட்டாய். உள்ளே பலகை அடித்துப் பன்னிரண்டு தடுப்பு. தடுப்புக்கு ஒரு கதவு. பூட்டை அவனவன் கொண்டு வரவேண்டும், சாவி அவனவன் இடுப்பில். உள்ளே என்ன வைக்கிறான், எப்போது வந்து எடுக்கிறான் என்பதெல்லாம் நமக்கு வேண்டாத கேள்வி. இடத்துக்கு மட்டும் மாதவாடகை.

யோசனை என்னுடையது. கொட்டாய் என் அக்காவுடையது. அவள் குடியிருந்த வூடும் கொல்லையும் சுரங்கத்துக்குப் போய், அதற்கு வந்த நஷ்டஈட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அந்த மனையை வாங்கிப் போட்டோம். நான் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். ஷிப்டுக்குப் போய்விடுவேன். கொட்டாயில் உட்காரப் போகிறவள் அக்கா.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் அப்போது எங்களோடு இல்லை. ஒரு மேஸ்திரியோடு மைசூர்ப் பக்கம் அணை வேலைக்குப் போனவர். அறுப்புக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் போனார். அறுப்புக்கு மேஸ்திரி மட்டும் வந்தார். "நல்லாத்தான் இருந்தான். வேற எடத்துல கூலி அதிகம்னு கெளம்பினான். எந்த எடம்னு நானும் கேட்டுக்கல" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு தகவல் இல்லை. மாமா கைநாட்டு. யாரையாவது பிடித்து ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தாலும் அது வந்து சேர ஊர் வேண்டுமே. ஊரைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வூடு இருந்த இடத்தில் பனைமரத்தை நட்டு வைத்தாலும் தலை வெளியே தெரியாது, அவ்வளவு பள்ளம். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு திக்காய்ப் போய்விட்டார்கள்.

கொட்டாய் எழும்பியதும் என்ன பேர் வைப்பது என்று பேச்சு வந்தது. கடலூரிலிருந்து போர்டு எழுதுகிறவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வாய் சும்மா இருக்காத மனிதர்.

"கிடங்குன்னு எழுதலாமா?" என்றேன்.

"எழுதலாம். அரிசியப் பதுக்கி வச்சிருக்கியான்னு மறுநாளே ஜீப்பு வந்து நிக்கும். பரவால்லியா?"

"ஸ்டோர்ஸ்?"

"சர்க்கரை இருக்கா, மண்ணெண்ணெய் இருக்கான்னு வருவான்."

"சாமான் பாதுகாப்பு நிலையம்?"

"எலி கடிச்சிச்சுன்னா பாதுகாப்புன்னு எழுதினியேன்னு உன் சட்டையப் புடிப்பான். தம்பி, பேருங்கறது சட்டை மாதிரி. நமக்கு அளவாத் தச்சுக்கணும்."

அதுவரைக்கும் கதவோரம் நின்றிருந்த அக்கா சொன்னாள்: "அவுரு பேர எழுதச் சொல்லுடா."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பெருசா எழுதச் சொல்லு. பஸ்ஸுல இருந்தே தெரியணும். ஊர் ஊரா ஆளு வந்து எறங்குது. அவுரு ஒருத்தரு எறங்க மாட்டாரா? எறங்கி ஊருக்குப் போனா அங்க பள்ளந்தான இருக்கு? யார இன்னான்னு கேப்பாரு?"

"அக்கா, மாமாவுக்கு எழுத்து தெரியாதே."

"பக்கத்துல இருக்கறவன் படிச்சுச் சொல்ல மாட்டானா? தன் பேரு காதுல வுழுந்தா நின்னுதான ஆவணும் மனுசன்?"

மாமாவின் பேர் எங்கள் பக்கத்தில் அபூர்வம். அவர்கள் குலசாமியின் பேர். ஆகவே அக்கா சொன்னதில் அர்த்தம் இருந்தது. போர்டுக்காரர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, என்ன பேரு?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். கட்டினவன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் வீடுகளில் யாரும் வாதாடாத விஷயம். அக்கா அந்தச் சாமியைக் கும்பிடும்போதுகூட "அவுரு பேரு சாமி" என்றுதான் கும்பிடுவாள். நான் பேரைச் சொன்னேன்.

போர்டுக்காரர் சிரித்தார். "அது சரி. கடையில குந்தப் போறது நீங்க. யாராவது வந்து கடை பேரு இன்னான்னு கேட்டா எப்படிச் சொல்லுவீங்க?"

"அதான் நீங்க எழுதறீங்களே. கண்ணு இருக்கறவன் படிச்சுக்கறான்."

மூணு பேரும் சிரித்தோம். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மாமா பேர் மேலே, அதற்குக் கீழே 'சாமான் வைப்பிடம்', மஞ்சளில் கறுப்பு. இறங்குகிற ஒவ்வொருவன் முகத்துக்கும் நேராக மாட்டினோம்.

பன்னிரண்டு தடுப்பும் ஒரே மாதத்தில் நிறைந்துவிட்டது. அக்கா வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொள்வாள். புதிதாக வந்தவன், "இந்தக் கடைக்குப் பேரு என்னங்க? ரூம்ல இன்னொருத்தன்கிட்ட சொல்லணும்" என்பான். "போர்டப் பாருங்க" என்பாள். அவன் எழுத்து தெரியாதவனாக இருந்தால்? ஒருநாள் அப்படி ஒரு அம்மா கேட்டபோது, அக்கா திரும்பி வரிசையாகத் தொங்குகிற பூட்டுகளைப் பார்த்துவிட்டு, "பூட்டுக்கொட்டான்னு சொல்லுங்க, யாரு வேணா காட்டுவாங்க" என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் உறைக்கவில்லை.

அவ்வளவுதான். இனிப்பைக் கண்ட எறும்பு மாதிரி அந்தச் சொல் ஊரெல்லாம் ஓடிவிட்டது. அப்புறம் அவளும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள். "பூட்டுக்கொட்டாக்கு எதுத்தாப்புல டீக்கடை." "பூட்டுக்கொட்டா பக்கத்துச் சந்து." வடலூர் பஸ் கண்டக்டர், "பூட்டுக்கொட்டாலாம் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார். கடை பேர் பெற்றுவிட்டது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முட்டாள் சந்தோஷம்.

அடுத்த வருஷம் தை மாதம் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். அக்காவும் நானும் போயிருந்தோம். சாவி அவரவர் கையில் இருப்பதால் கொட்டாயின் வெளிக்கதவை மட்டும் சும்மா சாத்திவிட்டுப் போனோம். மூன்றாம் நாள் திரும்பி வந்து, அக்காவை வீட்டில் விட்டுவிட்டுக் கொட்டாயைப் பார்க்க வந்தேன். எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். அவர் திருநெல்வேலிப் பக்கம், ஊருக்கு வந்து ஆறு மாதம்தான்.

"நேத்து ஒரு ஆளு உங்க கடைக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாருப்பா."

"பெட்டி வைக்க வந்தவரா?"

"கையில ஒரு மஞ்சப்பை, அவ்வளவுதான். உங்க பக்கத்து ஊரு ஒண்ணு பேரச் சொல்லி, அந்த ஊரு ஆளுங்கல்லாம் எங்க போனாங்கன்னு கேட்டாரு. நான் ஊருக்குப் புதுசு, தெரியாதுன்னேன்."

"எந்த ஊரு?"

யோசித்துச் சொன்னார். அது எங்கள் ஊர்.

அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கீழே வைத்தேன். "அப்பறம்?"

"அப்பறம் போர்டக் காட்டி, அதுல இன்னா எழுதியிருக்குன்னு கேட்டாரு. பூட்டுக்கொட்டான்னேன். அப்படியான்னாரு. ஒரு டீ குடிச்சாரு. பஸ் வந்திச்சு, ஏறிட்டாரு."

"அண்ணே, போர்டுல அப்படியா எழுதியிருக்கு?"

அவர் நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். உதடு அசைய மெதுவாகப் படித்தார். "அட, ஆமா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெனம் பாக்கற போர்ட யாருப்பா படிக்கறது?" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"கழுத்துல எடது பக்கம் ஒரு தழும்பு இருந்துதா?"

"கழுத்த யாரு பாத்தா? நான் கிளாஸப் பாத்தேன், அடுப்பப் பாத்தேன்."

"உயரமா?"

"உக்காந்துதான குடிச்சாரு."

அந்த மனிதர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? வடலூருக்கு ஓடினேன், குள்ளஞ்சாவடிக்கு ஓடினேன். பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் மஞ்சள் பை வைத்த ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "தம்பி, மஞ்சப்பை இல்லாத ஆளச் சொல்லு, ஞாபகம் வச்சுக்கறேன்" என்றான் ஒரு பூக்காரன். நியாயம்தான். மஞ்சள் பை வைத்திருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட மாமா இல்லை.

எங்கள் ஊரைக் கேட்டு வருகிறவர் மாமாவாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. பிழைக்கப் போனவர்கள் எத்தனை பேர். இப்படிச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன். மறைக்கத்தான் நினைத்தேன். அக்காவிடம் என்றைக்கு எதை மறைக்க முடிந்தது எனக்கு? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததில் கண்டுபிடித்துவிட்டாள்.

கேட்டுவிட்டு அவள் அழவில்லை. "டீ குடிச்சாராமா?" என்றாள்.

"குடிச்சாராம்."

"வெறும் வயித்துலயோ இன்னாவோ" என்றாள். என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிவிட்டு, "நாந்தாண்டா அந்தப் பேர ஊருக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். நீ இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம்.

"அக்கா, ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லிடு. கேக்கறவங்களுக்கு சொல்லு. இதுக்குப் போயி..."

"சொன்னா அவுருக்குக் கொறையும்டா."

"சொல்லாட்டி அவரு வரவே மாட்டாரே."

"வராட்டி எங்கனா நல்லா இருந்துட்டுப் போறாரு. நான் சொல்லி, அதனால அவுருக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு சட்டம் போட்டாள். கொட்டாய்க்கு வருகிறவன் கடையின் பேரை வாய்விட்டுச் சொன்னால்தான் உள்ளே விடுவாள். "பேரச் சொல்லுங்க." "இன்னாக்கா, என் பூட்டு, என் சாவி, என் பெட்டி, இதுக்கு பாஸ்வேர்டு வேணுமா, மிலிட்டரியா இது?" என்பான் நாகர்கோவில் ஃபிட்டர். "சொல்லுங்க." சொல்வான். அவள் நகர்ந்து வழிவிடுவாள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அந்தப் பேர் அந்த வாசலில் ஒலித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்பாள். ஆனால் பாருங்கள், வாசலில் பேரைச் சொல்லிவிட்டு உள்ளே போனவன், வெளியே வந்து சேக்காளியைப் பார்த்ததும், "எங்கடா போன?" என்றால், "பூட்டுக்கொட்டாக்கு" என்றுதான் சொன்னான். போர்டில் இருக்கிற பேரையே கூவச் சொல்லிக் கண்டக்டரிடம் நானே போய்க் கேட்டுக்கொண்டேன். "யோவ், ஓடற பஸ்ஸுல அம்மாம் நீளப் பேர எவன் கூவறது? ஜனங்களுக்கு எது தெரியுதோ அதத்தான் கூவணும்" என்றார். டீக்கடைக்காரர் மட்டும், இனி யார் கேட்டாலும் போர்டில் இருக்கிற பேரையே சொல்கிறேன் என்று எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். கேட்காதவர்களிடம்கூடச் சொன்னார். ஆனால் அந்த ஆள் இரண்டாம் முறை வரவில்லை.

ஒரு ஐப்பசியில் பத்து நாள் மழை பிடித்துக்கொண்டது. காற்றில் போர்டு பெயர்ந்து சேற்றில் விழுந்து, எழுத்தெல்லாம் உரிந்துவிட்டது. அக்கா ஆளனுப்பிப் பழைய போர்டுக்காரரையே வரச் சொன்னாள். நான் அன்றைக்குக் காலை ஷிப்ட். முடிந்து வெளியே வந்து, சகதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மந்தாரக்குப்பம் வந்து சேர்ந்தபோது மணி மூன்று இருக்கும். கொட்டாய் வாசலில் மஞ்சள் பூசிக் காய்ந்த போர்டு சாய்த்து வைத்திருந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. போர்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா ராசா" என்றார். "காலையில ஒம்போது மணிக்கு வந்தேன். ஊருல நூறு போர்டு எழுதறேன், எனக்கு உன் கடைப்பேரு ஞாபகம் இருக்குமா? கேட்டா உங்க அக்கா வாயத் தொறக்க மாட்டேங்குது. பூட்டுக்கொட்டான்னே எழுதிடறேன், எல்லாருக்கும் அதான தெரியுதுன்னேன். வேணாம், தம்பி வரட்டும்னிடுச்சு. சோறு போட்டுச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா ஆறு மணி நேரமா குந்திகினு இருக்கேன்."

"டீக்கடை அண்ணன் சொல்லியிருப்பாரே?"

"மழையில அவரு கடை தொறக்கலடா" என்றாள் அக்கா. "உள்ள வர்றவங்களும் இன்னிக்கு யாரும் வரல."

அவள் போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் நின்றிருப்பாள் போல, காலெல்லாம் சேறு.

"சொல்லுடா" என்றாள்.

சொன்னேன். போர்டுக்காரர் காதில் கையை வைத்து, "இன்னா? லாரி சத்தத்துல கேக்கல, இன்னொரு வாட்டி" என்றார். அக்கா ரோட்டுப் பக்கம் பார்த்தாள். விருத்தாசலம் பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. நனைந்த பெட்டியோடு நாலைந்து பேர் குனிந்து குனிந்து இறங்கினார்கள்.

நானும் அந்தப் பக்கம் திரும்பி, இன்னொரு வாட்டி, சத்தமாகச் சொன்னேன்.