காஜாக்காவின் வலது கை

என் ஓரகத்தியைத் தெருவெல்லாம் காஜாக்கா என்றுதான் கூப்பிடும். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டைக்கு ஓரம் கட்டித் தைப்பதைத் தையல்கடைகளில் காஜா எடுப்பது என்பார்கள். எங்கள் புகுந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாள் முதல் அவளுக்கு அதுதான் வேலை. நான் இளைய மருமகள். ஓரகத்திகள் ஆவதற்கு முன்பே நாங்கள் சொந்தம். என் அம்மாவின் சித்தப்பா மகளைத்தான் அவளுடைய பெரியப்பா கட்டியிருந்தார். அதனால் எனக்கு அவள் அக்கா. சண்டை போட்டாலும் அக்காதான்.

தெருமுனைத் தையல்கடைக்காரர் மூட்டை மூட்டையாகச் சட்டை அனுப்புவார். ஜன்னலோரம் முக்காலியில் உட்காருவாள். மடியில் சட்டை, பக்கத்தில் பிஸ்கட் டப்பா நிறையக் குண்டூசி. அவசரப்படுத்தினால், "ஓட்டை போடுறது ஒரு நிமிஷம்ங்க, அதுக்கு மரியாதை பண்றதுக்குத்தான் நேரமாகுது" என்பாள்.

அவள் வீட்டுக்காரர், எனக்குப் பெரியத்தான், ஒரு பெரிய கட்டடத்தில் லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். "காலம் பூரா மேலயும் கீழயும் போனாரு, ஒரு ஊருக்கும் என்னைக் கூட்டிட்டுப் போகலை" என்று காஜாக்கா அவரைக் கிண்டல் செய்வாள். அவரும் சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் குளியலறையில் சுருண்டு விழுந்தார். இதயம் மெதுவாக அடிக்கிறது என்று சொல்லி, இடது தோளுக்குக் கீழே தோலுக்கடியில் துடிப்பைச் சீராக்குகிற ஒரு மிஷின் வைத்தார்கள். தீப்பெட்டியை ஒளித்து வைத்த மாதிரி அந்த இடம் மேடாக இருக்கும்.

உயிர் பிழைத்தாரே தவிர, பயம் பிடித்துக்கொண்டது. தூங்கும்போது மிஷின் நின்றுவிட்டால்? சாப்பிட்டபின் படுக்கப் போனால் காஜாக்கா பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைக்க வேண்டும். உள்ளங்கை நடு நெஞ்சில், மணிக்கட்டு அந்த மேட்டின்மேல். அப்போதுதான் கண் மூடுவார்.

செல்போனை மிஷின் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அடுத்த தெருவில் இருக்கிற எங்கள் நாத்தனார் அதைக் கேட்டதும் வீட்டிலிருந்த செல்போனை எல்லாம் சமையலறை அலமாரிக்கு நாடு கடத்தினாள். பாவம், ரேடியோவும் கூடப் போனது.

அந்தச் சமயத்தில்தான் காஜாக்காவுக்கு வலது மணிக்கட்டு வலி வந்தது. தையல்கடைக்கு வந்த ஒருவன் காந்த வளையல் விற்றானாம். ரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம், காந்தம் அதைப் பிடித்து ஓட்டுமாம், வலி தன்னால் போய்விடுமாம். கருப்பாக, கனமாக ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"வலி போச்சாக்கா?" என்று கேட்டேன்.

"போன மாதிரியும் இருக்கு, வாசல்லயே நிக்கிற மாதிரியும் இருக்கு. அதை விடு, இதைப் பாரு" என்று கையை டப்பாமேல் நீட்டினாள். குண்டூசிகள் எழுந்து நின்று, தாவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.

அன்றிலிருந்து அது ஊசி வைக்கிற சாமான் ஆகிவிட்டது. வாயில் ஊசி கடிக்க வேண்டாம், தரையில் தேட வேண்டாம். குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள். வாரம் ஒன்று போவதற்குள் அது காந்தம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. பெரியத்தானிடம் போகுமுன் ஊசி ஒவ்வொன்றையும் கவனமாக எடுத்து டப்பாவில் போடுவாள். அவருக்குக் குத்திவிடக் கூடாதே. வளையலை மட்டும் விட்டுவிட்டு ஊசியை எடுப்பாள்.

சில நாளாகவே படுத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ படபடக்கிறது என்று பெரியத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் மத்தியானம் அவள் கை வைத்ததும் அவர் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்.

"யாரு?"

"நான்தான். வேற யாரு வருவா உங்களுக்கு?"

"உள்ள யாரோ தட்டுறாங்க."

அவள் கையை எடுத்தாள். தட்டல் நின்றது. மறுபடி வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று விடாமல் தட்டுகிற மாதிரி, வேகமாக, ஒரே சீராகத் தட்டியது என்றார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கொஞ்ச நாளில் அவர் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தார். தண்ணீர் கொடுத்தால், "அங்க வச்சிட்டுப் போ" என்றார்.

நாத்தனாருக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? வந்து நின்றாள்.

"அண்ணே, கண்ணை மூடிக்கிங்க. யாரு கைன்னு சொல்ல மாட்டோம்."

முதலில் அவள் வைத்தாள். ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் வைத்தார். ஒன்றுமில்லை. பிறகு காஜாக்காவைத் தள்ளிவிட்டாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூனை கால் வைப்பதுபோலக் கை வைத்தாள்.

"தட்டுது!" என்று அலறினார் பெரியத்தான். கண் இன்னும் மூடியே இருந்தது. கழுத்து நரம்பு துடிப்பதை வாசலில் நின்ற நானே பார்த்தேன். அவள் கையை எடுத்தாள். நரம்பு அடங்கியது. என் கைமயிர் நட்டுக்கொண்டு நின்றது.

"அண்ணி கொஞ்ச நாள் அவங்க தங்கச்சி வீட்ல இருக்கட்டும்" என்றாள் நாத்தனார். "அண்ணன் உயிர் முக்கியம்."

பெரியத்தான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காஜாக்கா துணிகளைப் பையில் வைக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "அவ சொல்றதைக் காதுல வாங்காதக்கா" என்றேன்.

"அவ சொல்றது இருக்கட்டும்டி. எனக்கே பயமா இருக்கு." புடவையை மடிக்காமலே பைக்குள் திணித்தாள். "போன மாசம் ஒருநாள் கோவத்துல, 'உங்க மிஷின் நின்னாத்தான் எனக்கு நிம்மதி'ன்னு சொல்லித் தொலைச்சேன். வாயிலருந்து கைக்கு இறங்கிடுச்சோ என்னவோ. இந்தக் கை என் கை மாதிரியே இல்லடி."

மறுநாள் ஆஸ்பத்திரியில் மிஷினைச் சோதிக்கிற நாள். அதை முடித்து வந்ததும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். பையையும் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். நாத்தனாரும் நானும் கூடப் போனோம். சோதனை அறையில் பெரியத்தானைப் படுக்க வைத்தார்கள். காஜாக்கா உள்ளே வந்தவள் கதவோடு ஒட்டி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

சோதிக்கிற பெண் வட்டமாக ஏதோ ஒன்றை எடுத்து அவர் மேட்டின்மேல் வைத்தாள்.

பெரியத்தான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதான்! இதேதான்! இதேதான் தட்டுது!" கதவுப்பக்கம் பார்த்தார். "அவ அங்கல்ல நிக்கிறா?"

"பயப்படாதீங்கய்யா, இது காந்தம்" என்றாள் அந்தப் பெண். "காந்தம் பக்கத்துல வந்தா மிஷின் தன் போக்கை விட்டுட்டு ஒரே வேகத்துல அடிக்கும். எடுத்தா பழையபடி ஆயிடும். மிஷினைச் சரிபார்க்கத்தான் வச்சேன். வீட்ல இப்படி ஆகுதா? காந்தம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"சேச்சே, செல்போனே அடுப்படிலதான் கிடக்கு" என்றாள் நாத்தனார்.

காஜாக்கா முதுகுக்குப் பின்னாலிருந்து கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். வளையலில் ஒரே ஒரு குண்டூசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, அதைக் கழட்டிடுங்க" என்றாள் அந்தப் பெண். "அதோட ஐயா பக்கத்துல போகவே கூடாது."

"அந்த வளையல் சரியில்லைன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் நாத்தனார். சொல்லவே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் யார் வாதாடுவது?

வீட்டுக்கு வந்ததும் வாசலில் கிடந்த பையை நான்தான் அவிழ்த்தேன். வளையலைக் காகிதத்தில் சுற்றித் தையல்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஊசி பொறுக்க உதவுமாம், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் பெரியத்தான் படுத்தார். "வா" என்றார். எத்தனையோ நாளைக்கப்புறம் கூப்பிடுகிறார். காஜாக்கா பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் இரண்டு மணிக்கட்டையும் அவருக்குக் காட்டினாள். வலதில் வளையல் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. பிறகு கையை நெஞ்சில் வைத்தாள்.

அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"தட்டுதா?" என்றாள்.

"இல்ல. ஒண்ணுமே தெரியல. மிஷின் வேலை செய்யுதா?"

"அதான் நல்லாருக்குன்னு சொன்னாங்களே."

அவர் கண்ணைத் திறந்து அவள் கையைப் பார்த்தார். "இது உன் கைதானா?"

"பின்ன யாரு கை?"

"தட்டினப்ப நீதான்னு தெரிஞ்சுது. நான் உசுரோட இருக்கேன்னும் தெரிஞ்சுது." குரலைத் தாழ்த்தினார். "அந்த வளையலைப் போட்டுக்கிட்டு ஒரே ஒரு தடவை வையேன்."

காஜாக்கா கையை எடுக்கவில்லை. நான் கதவை ஒருக்களிக்கப் போனபோது பார்த்தேன். அவளும் கண்ணை மூடியிருந்தாள். உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி, மூச்சுக்கூட விடாமல், அந்தத் தட்டலைத் தேடிக்கொண்டிருந்தாள்.