ஒமோனிகோவும் கம்பெனித் தீயும்

ஒமோனிகோ பிறந்த வருஷம்தான் எங்கள் ஊரான ஒட்டோரிக்கு எண்ணெய்க் கம்பெனியின் தீ வந்தது. அவள் தாய்க்கு வலி கண்டபோது யாரும் விளக்கேற்றவில்லை என்பார்கள். ஊருக்குக் கிழக்கே, மண்கரை கட்டிய பள்ளத்தில் பனைமர உயரத்துக்கு எரிந்த எரிவாயுவின் வெளிச்சமே ஜன்னல் வழியாக வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டது. அன்று போன இருட்டு ஊருக்குத் திரும்பவே இல்லை. எப்போது அடைவதென்று கோழிகளுக்குத் தெரியாமல் போயிற்று. மழை கரிப்பாகப் பெய்தது. புதுத் தகரக் கூரை மூன்று மழைக்காலம் தாங்கினால் பெரிய விஷயம். எண்ணெய் எங்கள் காலுக்குக் கீழே இருந்தது. ஆனால் ஊரில் ஒரு வீட்டிலும் பல்பு எரியவில்லை. இந்த அநியாயத்தை எந்த அதிகாரியிடம் சொன்னாலும் அவன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான்.

எங்கள் பெண்கள் அந்தத் தீயையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கொல்வதுதான் கொல்கிறாய், கிழங்கையாவது காயவைத்துக் கொடு என்ற கணக்கு. மரவள்ளியைத் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, பெரிய தட்டுகளில் பரப்பி மண்கரையோரம் வைத்தால் வெயிலில் நாலு நாள் ஆவது அங்கே மதியத்துக்குள் கல்லாகக் காயும். தட்டைப் புரட்டுகிறவளின் முகமும் கூடவே காயும். ஒமோனிகோவின் இடது கன்னம் நாற்பது வயதிலேயே பழைய செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

அவளுக்கு வாய் பேசுவதற்கு முன் கை பேசும். பெண்கள் கிழங்கு காயவைக்கும் இடத்தில் வேலி போட வந்த சர்வேயரின் முன்பல்லை உலக்கையால் எடுத்தவள் அவள். அதற்காக லாக்கப்பில் போட்டு அடித்தார்கள். வெளியே வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு அதே இடத்தில் போய் நின்றாள். இருமி இருமி ரத்தம் கக்கி அவள் புருஷன் செத்தபோது கம்பெனி ஒரு மூட்டை அரிசி அனுப்பியது. அத்தனையையும் அவன் புதைகுழிக்குள் கொட்டி, அதன்மேல் மண்ணைத் தள்ளினாள். அன்று சாயங்காலம் மகள் கெசியேனா பசிக்கிறது என்றபோது, தன் முட்டாள்தனத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தீ சில சமயம் தானாக அணையும். பற்றவைக்கும் மிஷின் பல வருஷம் முன்பே செத்துவிட்டது. மேலே எழுதிப்போட்டால் தன்னைத்தான் கேள்வி கேட்பார்கள் என்று கம்பெனியின் எண்ணெய் ஸ்டேஷன் ஆபரேட்டர் உமுகோரோ வாயைத் திறக்கவில்லை. அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதான். தீ அணைந்தால் ஜீப்பின் ஹாரனை இரண்டு தடவை அடிப்பான். ஒமோனிகோ கல்லில் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, காற்று முதுகில் படும்படி கரைமேல் நின்று பற்றவைத்து எறிவாள். தட்டில் ஈரக் கிழங்கு கிடக்கிறதே, அவளுக்கும் தீ வேண்டும். உமுகோரோ ஒரு டின் பால் கொடுத்து, முட்டியை மடக்கி, "மிக்வோ, அம்மா" என்பான். பெரியவர்களைக் கண்டால் சின்னவர்கள் மண்டியிட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தை அது. பெரியவர் "விரேண்டோ" என்றால்தான் எழுந்திருக்கலாம். ஒமோனிகோ அவனைக் கொஞ்ச நேரம் காக்கவைத்துத்தான் சொல்வாள்.

"ஏன்டா, கம்பெனி உனக்குச் சம்பளம் குடுக்குது, வேலைய நான் பாக்குறேன். நாளைக்கு உன் பொண்டாட்டிக்குப் பிரசவம்னாலும் ஹாரன் அடிப்பியா?"

"அடிப்பேன்மா. நீங்க வந்தாத்தான பத்தும்."

அவர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல். அதில் ஒரு நாள் காலையிலேயே தீ அணைந்துவிட்டது. உமுகோரோ சாராயம் குடித்துவிட்டு ஸ்டேஷனில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து, மறுநாள் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்பது நினைவுக்கு வந்து, பதறிப்போய் ஹாரன் அடித்தபோது உச்சிவேளை தாண்டியிருந்தது. அதுவரை வாயு எரியாமல் பள்ளத்தில் இறங்கி நிறைந்துகொண்டிருந்தது. காற்றும் இல்லை.

"நான் போறேம்மா, நீ படு" என்றாள் கெசியேனா. அம்மா எறிவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தான். ஒமோனிகோ போர்வைக்குள் இருந்தபடியே "சரி" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் பிறகு எத்தனையோ தடவை தன் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தாள்.

வெடித்தபோது அவள் படுத்திருந்த கட்டிலே துள்ளியது. காய்ச்சலோடு எழுந்து ஓடினாள். பள்ளம் முழுக்க ஒரே தீ. கரைமேல் தட்டோடு காத்திருந்த மூன்று பெண்கள் நின்ற இடத்திலேயே கரிந்து கிடந்தார்கள். அதில் ஒருத்தி, பக்கத்து வீட்டு அகோகோவின் தங்கை எசே. கால் கொலுசை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கெசியேனாவை வெடிப்பு தூக்கிக் கரைக்கு அந்தப் பக்கம் சேற்றில் எறிந்திருந்தது. உயிர் இருந்தது. இரண்டு கைகளும் முழங்கைவரை தோல் உரிந்து தொங்கின.

இது நாசவேலை என்று கம்பெனி ரேடியோவில் சொன்னது. ஊரில் யாரோ வேண்டுமென்றே தீ வைத்தார்களாம். நாசவேலை என்று ஆகிவிட்டால் கம்பெனிக்குப் பொறுப்பே கிடையாது. செத்தவர்களே குற்றவாளிகள், உயிரோடு இருப்பவர்களில் ஒருத்தியைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. பட்டாளம் வருகிறது என்ற செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது.

அகோகோ ஒமோனிகோவின் வீட்டுக்குள் நுழைந்தாள். வாழையிலைமேல் கிடந்த கெசியேனாவைப் பார்த்தாள். திரும்பி ஒமோனிகோவின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். ஊரையே அடித்தவள் அன்று அடி வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என் தங்கச்சி வெந்து கெடக்குறா. உன் மக மூச்சு விடுறா."

"அடிடி. இன்னும் அடி."

"அடிக்க நேரமில்ல. அவனுங்க உன் வீட்டத்தான் முதல்ல கிழிப்பானுங்க. தூக்குடி இவள. என் மீன் சுடுற குடிசையில போட்டு, மேல ஓலையப் போடலாம். அந்த நாத்தத்துக்குள்ள எவனும் மூக்க நீட்ட மாட்டான்."

பட்டாளம் மறுநாள் காலை வந்தது. ஆண்கள் சதுப்பு நிலத்துக்குள் ஓடிவிட்டார்கள். பெண்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து பள்ளிக்கூட மைதானத்தின் சரளைக் கற்கள்மேல் மண்டியிட வைத்தார்கள். ஒரு கர்ப்பிணி உட்காரப் பார்த்தாள். பூட்ஸ் கால் அவள் முதுகில் இறங்கியது. வெள்ளைத் தொப்பி போட்ட கம்பெனி அதிகாரி ஒருவன் நிழலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் உமுகோரோ, குனிந்த தலையோடு.

"தீ வெச்சவ யாரு?" என்றார் கேப்டன். "சொல்லுங்க. சொல்லலேன்னா அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு வீடா எரியும்."

முதல் வீடு எரிந்தது. பிறகு அடுத்தது. அகோகோவைக் கூந்தலோடு தூக்கி, "செத்தவ உன் தங்கச்சியாமே, உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே" என்று வாயிலேயே அடித்தான் ஒரு சிப்பாய். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. அவளுக்குச் சொல்லக் காரணம் இருந்தது. எங்களில் வேறு யாருக்கும் அத்தனை காரணம் இல்லை. அவள் ரத்தத்தைத் துப்பினாள்.

"எனக்குத் தெரிஞ்சு தீ வெச்சது கம்பெனிதான்டா. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே வெச்சாங்க."

மறுபடியும் அடித்தார்கள். தீ வீட்டுக்கு வீடு தாவி வந்துகொண்டிருந்தது. அகோகோவின் வீட்டுக்கும் அதன் பின்னாலிருந்த மீன் குடிசைக்கும் இன்னும் இரண்டே வீடுகள். ஓலைக்கு அடியில் கிடப்பவளால் எழுந்து நடக்க முடியாது. ஒமோனிகோ கையை உயர்த்தினாள்.

"நான்தான். நான்தான் பத்தவெச்சேன். தீய நிறுத்தச் சொல்லு."

கேப்டன் சைகை காட்டினார். தீப்பந்தம் பிடித்தவர்கள் நின்றார்கள். அவளை இழுத்துவந்து நிறுத்தினார்கள். கேப்டன் முட்டாள் இல்லை. அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"உன் கை சுடவே இல்லையே கிழவி. பத்தவெச்சவ கை வெந்திருக்கணும். யார மறைக்கிற?" சிப்பாய்களைப் பார்த்துக் கத்தினார்: "எரிங்கடா!"

"நில்லு! அவனக் கேளு, அந்த உமுகோரோவ!" என்றாள் ஒமோனிகோ. "எத்தன வருஷமா நான் பத்தவெக்கிறேன்னு அவன் சொல்லட்டும்."

வெள்ளைத் தொப்பிக்காரன் உமுகோரோவின் தோள்மேல் கை வைத்தான். ரொம்பப் பிரியமாகத்தான் வைத்தான்.

"இந்தப் பொம்பளயத் தெரியுமா?" என்றார் கேப்டன்.

"தெரியாது சார்" என்றான் உமுகோரோ. அவன் கண்கள் அவளுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. "மிஷின் நல்லாத்தான் இருக்கு சார். யாரையும் நான் கூப்பிட்டதில்ல."

அந்த இடத்தில் ஒமோனிகோ அவன்மேல் பாய்ந்து தொண்டையைக் கடிப்பாள் என்றுதான் மண்டியிட்டிருந்த எல்லாப் பெண்களும் நினைத்தார்கள். அவள் குணம் அப்படி. ஆனால் அவள் ஒரு அடி முன்னால் வந்து, இடுப்புத் துணியை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் முன்னால் மண்டியிட்டாள். சிப்பாய்கள் அடித்து மண்டியிட வைத்தது வேறு. இதை அவளாகச் செய்தாள். ஊருக்கு மூத்தவள், அவனைப் பெற்றவளுக்கே அக்கா முறை ஆகிறவள், அந்தக் குடிகாரனின் செருப்புக்கு முன்னால் தலையைத் தாழ்த்தினாள்.

"மிக்வோ" என்றாள்.

பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு அலறல் எழும்பியது. வீடு எரிந்தபோதுகூட அப்படி யாரும் அலறவில்லை. பெரியவர்கள் சின்னவனுக்கு மண்டியிடுவது எங்களிடம் நடக்கவே கூடாத காரியம். அப்படி மண்டியிட்டவரை எழுப்பாமல் விட்டால் அவன் குலம் தழைக்காது. எழுப்பினால், அவளுடைய வயதையும் சாவையும் தன் தலைமேல் வாங்கிக்கொண்டான் என்று ஆகும். கேப்டனுக்கு இது ஒன்றும் புரியவில்லை. வெள்ளைத் தொப்பிக்கும் புரியவில்லை. உமுகோரோ பின்வாங்கினான்.

"மிக்வோ" என்றாள் அவள் மறுபடியும்.

"ஐயோ, எந்திரிம்மா!" என்று அவன் கத்தினான். தானும் தரையில் விழுந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். "எந்திரிம்மா, வேண்டாம்மா! சார், இவங்கதான் சார். எப்பவும் இவங்கதான் பத்தவெப்பாங்க. நேத்தும் இவங்கதான் எறிஞ்சாங்க, தூரத்திலிருந்து எறிவாங்க, அதான் கை சுடல. நான்தான் ஹாரன் அடிச்சுக் கூப்பிட்டேன். மிஷின் பல வருஷமா வேலை செய்யல சார். நான் தூங்கிட்டேன். காலையிலிருந்து வாயு நெறஞ்சு கெடந்துச்சு, எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் அடிச்சேன்!"

ஒரே மூச்சில் ஒரு பொய்யையும் அத்தனை உண்மையையும் சேர்த்துக் கொட்டிவிட்டான். ஊரே கேட்டது. வெள்ளைத் தொப்பிக்காரன் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு, "அவன் வாய மூடுங்க!" என்றான். துப்பாக்கிக் கட்டை உமுகோரோவின் தாடையில் விழுந்த சத்தம் விறகு பிளக்கிற சத்தம்தான். அடுத்த அடி ஒமோனிகோவின் வலது முட்டியில் விழுந்தது. அதற்கும் அடுத்தது அதே முட்டியில். இரண்டு பேரையும் காலைப் பிடித்து இழுத்து லாரியில் எறிந்தார்கள். பிடித்துக் கொடுக்கக் குற்றவாளி கிடைத்துவிட்டதால் மற்ற வீடுகளை எரிக்கும் சிரமம் அவர்களுக்கு மிச்சமாயிற்று.

உண்மை வெளியே வந்தது, நியாயம் கிடைத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பள்ளத்தில் புது மிஷின் வந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் மண்டையோடு வரைந்த ஒரு பலகையை நட்டார்கள். தீ பழையபடி எரிந்தது. செத்த மூன்று பேரையும் நாசவேலைக்காரிகள் என்று சொன்னதைக் கம்பெனி இன்றுவரை மாற்றிச் சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க உள்ளே இருந்துவிட்டு ஒமோனிகோ திரும்பி வந்தாள். வலது முட்டி விறைத்துப் போயிருந்தது. மடங்காது. கெசியேனா பிழைத்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டதால் கிழங்கைத் துருவ முடியாது. தட்டுகளைத் தலையில் சுமப்பாள். எங்கே சுமப்பாள், அதே தீக்குத்தான்.

கொஞ்ச நாள் கழித்து உமுகோரோவையும் விட்டார்கள். கோணிய தாடையோடு அவன் ஒமோனிகோவின் முற்றத்துக்கு வந்தான். அவள் காலை நீட்டிப் போட்டு மரவள்ளித் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவன் மண்டியிட்டான்.

"மிக்வோ, அம்மா." வார்த்தை சரியாக வரவில்லை.

அவள் நிமிராமல் உரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு கிழங்கு முடிந்தது, இன்னொன்றை எடுத்தாள்.

"விரேண்டோ சொல்லிடும்மா, பாவம்" என்றாள் கெசியேனா.

"என்கிட்ட அவன் எதுக்குடி கேக்குறான்? எனக்கு முட்டிதான் போச்சு, மக இருக்கா." கத்தியால் பக்கத்து வீட்டைக் காட்டினாள். "எசே வீடு அது. அங்க போய் மண்டியிடச் சொல்லு. அகோகோ எழுப்பினா எந்திரிக்கட்டும்."

அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கும்படி யாரும் சொல்லவில்லையே. மண்டியிட்டபடியே, முட்டியால் நகர்ந்து, முற்றத்தைத் தாண்டி அகோகோவின் வாசலுக்குப் போனான். அகோகோ கதவைத் திறந்து பார்த்தாள். கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் பெண்கள் காய்ந்த தட்டுகளோடு அந்த வழியாகத் திரும்பியபோதும் அவன் அங்கேயேதான் இருந்தான்.