செத்துவிட்டதாக நான் அறிவித்த குல்மோகர்

மாய் ஷிங்கிராய் வீட்டுக் குல்மோகர் மரம் செத்துவிட்டது என்று தெருவுக்கே அறிவித்தவன் நான்தான். அறிவிக்கும் உரிமை எனக்கு இருந்தது. அவள் புருஷன் குடும்பத்துக்கு நான் சஹ்விரா, அதாவது பரம்பரைச் சடங்குத் தோழன். அந்த வீட்டில் ஒரு உயிர் போனால் ஊருக்குச் சொல்வது, உடலைக் குளிப்பாட்டுவது, குழி வெட்டுவது எல்லாம் என் பொறுப்பு. பதிலுக்கு, உயிரோடு இருக்கிறவர்களை நான் எப்படி வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், யாரும் முகம் சுளிக்கக் கூடாது. என் அப்பா அவள் மாமனாருக்குச் செய்ததை நான் இவர்களுக்குச் செய்கிறேன். இந்த டோபையாஸ் மபிகாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் முட்டாரே நகரத்தில் கிடையாது. மாய் ஷிங்கிராய் ஒருத்தியைத் தவிர.

அவள் எலாண்ட் மான் குலம். அந்தக் குலத்துப் பெண்களைச் சிஹேரா என்றுதான் கூப்பிடுவோம். சிஹேராவைக் கட்டிக்கொண்டவன் வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான் என்று நான் அவள் கல்யாணத்திலேயே சொல்லிவிட்டேன். புருஷன் சிரித்தான். போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தான், நல்ல மனுஷன்.

பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவள். கொஞ்ச நாள் பார்ப்போம் என்று எடுத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் இருந்தாள், கடைசி ஒன்பது வருஷம் ஃபோர்மேனாக. வேலை நிரந்தரமான வாரம் பட்டறை முற்றத்தில் தானாக முளைத்திருந்த குல்மோகர் கன்றை ஒரு எண்ணெய் டின்னில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நட்டாள். நவம்பர் வந்தால் அந்த மரத்தில் இலையே தெரியாது, அத்தனை சிவப்பு. கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வருவார்கள். ஒரு பூவைப் பறித்தால் மாப்பிள்ளையானாலும் வெளியே போகவேண்டியதுதான். உதிர்ந்த பூவைக்கூட மதியம்வரை பெருக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தாள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

போன வருஷம் நவம்பரில், மரம் முழுப் பூவில் நிற்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஆலங்கட்டியோடு புயல் அடித்தது. அரை மணி நேரம்தான். மரம் இரண்டு பெரிய கிளைகளாகப் பிரியும் இடத்தில் அப்படியே பிளந்துவிட்டது. பிளவு என் கை நீளத்துக்கு அடிமரத்தில் இறங்கியிருந்தது. ஒரு பாதி நிமிர்ந்து நின்றது. மறுபாதி பக்கத்து வீட்டு க்வென்ஸியின் சமையலறைக் கூரைக்கு மேலே சாய்ந்து தொங்கியது.

மறுநாள் காலையில் நான் போனபோது தெருவே கூடியிருந்தது. கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு அரிக்கும். எங்கள் வழக்கத்தில் சாவு வீட்டில் சஹ்விரா செத்தவரைப் போலவே நடித்துக் காட்டுவான். நான் இரண்டு கையையும் விரித்து, இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து, க்வென்ஸி வீட்டுச் சுவர்மேல் சாய்ந்தேன்.

“ஐயோ ஜனங்களே! குல்மோகர் போயிடுச்சு! முப்பது வருஷமா யாரையும் ஒரு பூ பறிக்க விடாத மகராசி போயிடுச்சு! அடக்கம் சனிக்கிழமை!”

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. க்வென்ஸியும் சிரிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவர்.

“சஹ்விரா வாயாலயே வந்துடுச்சும்மா. சனிக்கிழமை ரம்பக்காரனை வரச் சொல்றேன். உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா அது விழுந்தா என் பொண்டாட்டி தலையிலதான் விழும்” என்றார்.

சஹ்விரா ஒரு சாவை அறிவித்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. நான் சும்மா சொன்னது தீர்ப்பாகிவிட்டது. அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“அறிவிச்சிட்டியா?”

“விளையாட்டுக்கு…”

“அறிவிச்சிட்டியா இல்லையா?”

“அறிவிச்சிட்டேன்.”

“அப்போ மத்த வேலையை எவன் செய்வான்? ஏணி அங்க இருக்கு, வாளி இங்க இருக்கு. ஏறிக் குளிப்பாட்டு.”

மறுக்க முடியுமா? ஏறினேன். பிளவுக்குள் சிக்கியிருந்த சிராய், இலை, ஆலங்கட்டிச் சேறு எல்லாவற்றையும் துடைத்தெடுத்தேன். உள்ளே கை வைத்தால் மரம் ஈரமாக, வெளிறிப்போய், பச்சை வாசனையோடு இருந்தது. சாய்ந்த பாதியின் நுனியில் அன்று காலை விரிந்த பூ ஒன்று இருந்தது.

“சிஹேரா, இது ஈரமா இருக்கே.”

“குளிப்பாட்டினா பொணம் ஈரமாத்தான் இருக்கும்.”

“இல்லம்மா, உயிரோட இருக்கு.”

“அதை ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும்” என்றாள்.

என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். “வேலிக் கம்பியை எடுத்து நாலு சுத்து இறுக்கிச் சுத்திடலாம்.”

“உன் அவகாடோ மரத்தை அப்படித்தானே கொன்ன? பட்டையைச் சுத்தி இறுக்கினா கழுத்தை நெரிக்கிறதுதான்யா அது. சேசிஸ் விரிசல் விட்டா சுத்தியா கட்டுவோம்? குறுக்கால போல்ட் போடுவோம்.”

வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து பாரம் இழுக்கிற செயின் பிளாக், நீளமான டிரில், என் கட்டைவிரல் பருமனில் மரை வெட்டிய இரும்புக் கம்பி எல்லாம் வந்து இறங்கின. பழைய பஸ் ஸ்பிரிங் பட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி வாஷர் செய்து வைத்திருந்தாள். முதலில் சாய்ந்த பாதியின் நுனிகளை வெட்டிப் பாரத்தைக் குறைத்தோம். பூவோடு கிளைகள் விழுந்தபோது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நிமிஷம்தான். பிறகு இரண்டு பாதிக்கும் பழைய டயர் வைத்து, அதன்மேல் சங்கிலி மாட்டி, விரல் விரலாக இழுத்தாள்.

பிளவு பாதி மூடியிருக்கும், சங்கிலி ஒரு பல் நழுவியது. மரம் படாரென்று சத்தம் போட்டது. க்வென்ஸி சமையலறையிலிருந்து மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். நான் ஏணியிலிருந்து குதித்துத் தெருமுனைவரை போய்விட்டேன். ஐம்பத்தெட்டு வயசுக்காரி, சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“எங்கய்யா ஓடுற? குழி வெட்டவா? வந்து டிரில்லைப் பிடி!”

பிடித்தேன். அவள் மீதிப் பிளவையும் இழுத்து மூடியதும், அதற்குக் குறுக்கே ஒரு கம்பி, கீழே இன்னொரு கம்பி. இரண்டு பக்கமும் வாஷர், நட். ஸ்பேனரை அவள் யாரிடமும் தரவில்லை.

சனிக்கிழமை ரம்பக்காரன் வந்தான். நல்ல கனத்த ஆள், சட்ஸாக் களியை மலையாகக் குவித்துச் சாப்பிடுகிற உடம்பு. அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ரம்பத்தைக் கீழே வைக்கச் சொன்னாள். கூரைப்பக்கக் கிளையைக் காட்டினாள்.

“தொங்குப்பா.”

“என்னம்மா?”

“ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தொங்கு. ஆட்டிப் பாரு.”

அவன் தொங்கினான். ஆடினான். கிளை வளைந்தது, அவ்வளவுதான். பிளவு நூலளவுகூட அசையவில்லை. க்வென்ஸி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சஹ்விரா, செத்துடுச்சுன்னு சொன்னீங்களே?”

அறிவித்த சாவை எந்தச் சஹ்விராவும் திரும்ப வாங்கியதில்லை. என் அப்பா இருந்திருந்தால் வெட்கத்தில் என்னைச் செருப்பாலேயே அடித்திருப்பார். ஆனாலும் அதே சுவர்மேல் ஏறி, அதே தெருவைப் பார்த்து, “ஜனங்களே, நான் அவசரப்பட்டுட்டேன். அடக்கம் கிடையாது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க!” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. அவளும் சிரித்தாள்.

இந்த நவம்பரில் மரம் பூத்தது. கூரைப்பக்கம் கொஞ்சம் குட்டை, ஆனால் இரண்டு பாதியும் சிவப்பு. வாஷர் ஓரங்களின்மேல் பட்டை ஏறத் தொடங்கிவிட்டது. நாங்கள் அதன் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் கப்பைக் கீழே வைத்தாள்.

“யோவ் சஹ்விரா, நாளைக்கு நான் போனாலும் நீதானே அறிவிக்கணும்?”

“பின்ன வேற யாரு?”

“அன்னைக்காவது நல்லா தொட்டுப் பார்த்துட்டு அப்புறமா சொல்லு.”

“தொட்டுப் பார்க்க எனக்குக் கை வராது, சிஹேரா” என்றேன்.

“ஏன் வராது? மரத்துக்கு வந்துச்சுல்ல?” என்று சொல்லிவிட்டு, என் கப்பை வாங்கி இன்னொரு டீ ஊற்றினாள்.