பச்சைப் பெட்டிக்காரர் வீட்டுத் தாம்பூலம்

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய இருந்தது, வோட்டு இல்லை. வெள்ளைக்காரன் காலம்; வரி கட்டுகிறவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று வடிகட்டித்தான் வோட்டு கொடுத்திருந்தார்கள். அதற்கும் இருபத்தொரு வயது ஆக வேண்டும்.

எங்கள் தொகுதி காவேரியின் இரண்டு கரையிலும் கிடந்தது. தெற்கே மலைக்கோட்டைக் கடைவீதி, வடக்கே நாங்கள் இருந்த ஸ்ரீரங்கம். முந்தின தேர்தல்களைப் பற்றி அப்பா சொல்வார்: இரண்டு வக்கீல் நிற்பார்கள், ஒரு வக்கீல் ஜெயிப்பார், ஊருக்கு மறுநாள்தான் தெரியும். இந்தத் தடவைதான் தேர்தல் தெருவில் இறங்கியது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. சீட்டை வாங்கி, மறைவுக்குப் போய், பிடித்த நிறத்தில் போட வேண்டும். கதர்க்காரர்களுக்கு மஞ்சள். எதிரே நின்ற பெரிய மனிதருக்குப் பச்சை.

எங்கள் வீட்டில் இரண்டு வோட்டு. அப்பா பொன்மலை ரயில்வே ஆபீசில் கிளார்க். துரை முகம் கோணக் கூடாது என்று பச்சையில்தான் போடுவார். வீடு அம்மா பெயரில், வரியும் அம்மா பெயரில், ஆகவே அம்மாவுக்கும் வோட்டு. அப்பாவின் வோட்டை அம்மாவின் வோட்டால் அடித்துவிடுவது என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். சிநேகிதர்களிடம் சவடாலும் அடித்தாயிற்று. பத்து நாள் அம்மா பின்னாலேயே அலைந்தேன். அரிசி களையும்போது, பூத்தொடுக்கும்போது, ஒரே பாட்டு.

“சரிடா, மஞ்சள்ளயே போடறேன். தொணதொணங்காதே” என்றாள் கடைசியில்.

தேர்தல் அன்று எங்கள் பக்கம் இரண்டே ஜட்கா. பச்சைக்காரரிடம் மூன்று மோட்டார். அதனால் நான் ஒரு யுக்தி பண்ணினேன்: அவர் காரில் ஏறு, நம் பெட்டியில் போடு. எங்கள் தெரு மாமிகள் நாலு பேரையும் அம்மாவையும் அந்தக் காரில் நானே கதவைத் திறந்து ஏற்றிவிட்டேன். காருக்குள் பச்சை வேட்பாளரின் மனைவி உட்கார்ந்திருந்ததை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் கார் நின்றது. நாலு மாமிகளும் வெற்றிலை மென்றுகொண்டே உள்ளே போய் மஞ்சளில் போட்டுவிட்டு வந்தார்கள். அம்மா மட்டும் வேப்பமரத்தடிக்கு என்னைத் தேடி வந்தாள். முந்தானையில் எதையோ பொத்தி வைத்திருந்தாள்.

“நான் உள்ளே போகலேடா. ஆத்துக்குப் போறேன்.”

“ஏம்மா?”

முந்தானையை விரித்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு ரஸ்தாளிப் பழம்.

“பச்சைக்காரர் ஆம்படையா கார்ல தாம்பூலம் குடுத்தா. கை நீட்டி வாங்கிண்டுட்டேன். வாங்கிண்டா வாக்குக் குடுத்தாப்பல ஆச்சு. உங்கிட்ட ஒரு வாக்கு, அவகிட்ட ஒரு வாக்கு. எந்தப் பெட்டியில போட்டாலும் பொய்.”

“அந்த மாமிகள் எல்லாம் வாங்கிக்கலையா?”

“அது அவா பாடு.”

“நீ என்ன கல்யாணமா நிச்சயம் பண்ணிண்டே? வெத்தலைம்மா அது!”

“உன் காலேஜ்ல வெத்தலைதான். எனக்குத் தாம்பூலம்.”

அரை மணி மன்றாடினேன். கடைசியில் ஒரு வழி சொன்னாள். நான் அதைக் கொண்டுபோய் அந்த அம்மாளிடமே கொடுத்து, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தால் அவள் உள்ளே போவாள். அவர்கள் வீடு ஆற்றுக்கு அந்தண்டை, கோட்டை ரயில்வே ஸ்டேஷன் பக்கம். கார் அப்போதே திரும்பிப் போயிருந்தது. மணி நாலு. ஐந்துக்கு வோட்டு முடிகிறது.

தாம்பூலத்தைத் துண்டில் முடிந்து, சிநேகிதன் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு மிதித்தேன். அம்மா மண்டபம் படித்துறையைத் தாண்டிப் பாலம் ஏறியதும் செயின் கழன்றது. மாட்டினேன், மறுபடி கழன்றது. கையெல்லாம் கறுப்பு மசி. எதிரே பச்சைக் கொடி கட்டின மோட்டார் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அக்கரைக்குப் போய், வீட்டைத் தேடி, பெரிய மனுஷி முன்னால் கைகட்டி நின்று, திரும்பி வருவதற்குள் பெட்டிக்கு அரக்கு வைத்துவிடுவார்கள்.

பாலத்தின் நடுவில் நின்றேன். துண்டை அவிழ்த்து, வெற்றிலையையும் பாக்கையும் மஞ்சளையும் ஆற்றில் போட்டேன். பழத்தைப் போட மனசு வரவில்லை. காலையிலிருந்து பட்டினி. தின்றேன்.

“என்ன சொன்னா?” என்றாள் வேப்பமரத்தடியில் காத்திருந்த அம்மா.

“அதுக்கென்ன, பரவாயில்லைன்னா.”

“சிரிச்சாளா?”

“சிரிச்சா.”

அம்மா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்ததும், “உன் மஞ்சளுக்குப் போட்டாச்சு” என்றாள். நான் துண்டை வீசிக் கூத்தாடினேன். மஞ்சள் பெட்டி மலை மாதிரி ஜெயித்தது. அம்மாவின் ஒரு வோட்டு இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகியிருக்காது.

அடுத்த வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் அம்மா அந்த அம்மாளைப் பார்த்திருக்கிறாள். அவளே வலியப் போய்ப் பேசியிருக்கிறாள்: “அன்னிக்கு எம் பிள்ளை கொண்டுவந்து குடுத்தான், தப்பா எடுத்துக்கப்படாது.” அந்த அம்மாள் விழித்திருக்கிறாள். “பிள்ளையா? யாரும் வரலியே!”

வீட்டுக்கு வந்த அம்மா சத்தம் போடவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“பழத்தை என்னடா பண்ணினே?”

அவள் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

யுத்தம் முடிந்து மறுபடி தேர்தல் வந்தது. இப்போது எனக்கும் வோட்டு உண்டு, உத்தியோகமும் உண்டு. ஜட்கா பேசிவைத்துவிட்டுக் கூப்பிட்டேன். அம்மா ஏறவில்லை, விடுவிடென்று நடந்தே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன், ஜட்காவும் பின்தொடர்ந்தது. அதே பள்ளிக்கூடம், அதே வேப்பமரம். வெளியே வந்தவளிடம் கேட்டேன்.

“யாருக்கும்மா போட்டே?”

அம்மா முந்தானையை உதறிக் காட்டினாள்.

“இந்தத் தடவை யார்கிட்டேயும் ஒண்ணும் வாங்கிக்கலை. யாருக்கும் வாக்கும் குடுக்கலை. உனக்கும்தான்.”

வெயிலில் தனியாக நடந்து போனாள். ஜட்காக்காரன் என்னைப் பார்த்தான். நான் ஏறிக்கொள்ளவில்லை.