எல்லாரும் சொல்லிவிட்ட ஆமென்

அழாமல் எழுதி முடிப்பதாகப் பாஸ்டரம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இந்தச் சாட்சியை எழுதுகிறேன். நான் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். என் கணவர் டேனியல் கட்டிங் மாஸ்டர். 2006-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். சபையில் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு 'தவறிப்போனார்' என்பார்கள். நான் விழுங்கவில்லை.

அடக்கத்தன்று பாஸ்டர் இரண்டே நிமிடம் ஜெபித்தார். பிறகு என்னிடம், "மனந்திரும்ப நேரமில்லாமப் போயிட்டாருங்க சிஸ்டர். ரட்சிப்பு கஷ்டமுங்க" என்றார்.

"அப்ப பஸ் மோதிச் செத்தவங்களுக்கு மட்டும் நேரமிருந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் இடிந்து போயிருந்தேன். டேனியல் நரகத்தில் இருந்தால் எனக்குப் பரலோகம் எதற்கு? என்னால் ஜெபிக்க முடியவில்லை. துணியில் ஓட்டையைக் கண்டு ஸ்டிக்கர் ஒட்டும்போது, "ஆண்டவரே, அவர் எங்கே?" என்று மட்டும் கேட்பேன். மூன்று மாதம் அதுதான் என் ஜெபம்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஜெபக் குறிப்புகளை வாசிக்கும் செல்வியக்கா தெரியாமல் பழைய தாளை எடுத்து வந்துவிட்டார். வரிசையாக வாசித்தார். "பிரதர் டேனியல். நல்ல தூக்கம் கிடைக்கணும்."

அது என் கணவர் சாவதற்கு முன் தன் கையால் எழுதிக் கொடுத்த விண்ணப்பம். பழக்கத்தில் எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டார்கள். பிறகுதான் உறைத்தது. இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்கள் சபையில் இல்லை. செல்வியக்கா முகம் வெளுத்துவிட்டது. எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தோம்.

அவர், "ஆமென் சொல்லியாச்சுங்க. அத நான் திருப்பி வாங்க மாட்டனுங்க" என்றார்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். "தெரியாததத் தெரிஞ்ச மாதிரி பேசிட்டனுங்க சிஸ்டர். மனச்சீக்குல போனவரு அவரு. கர்த்தரோட அன்புல இருந்து சாவு கூடப் பிரிக்காதுன்னு எத்தன அடக்கத்துல நானே சொல்லியிருக்கேன். உங்ககிட்டச் சொல்லலீங்க. மன்னிச்சுக்கோங்க."

அன்றுதான் அழுதேன். என் கேள்விக்கு அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். டேனியல் கர்த்தர் கையில் இருக்கிறார்.

அதற்காக, சாவு ஒரு வழி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் கேட்ட தூக்கம் உயிரோடு கிடைத்திருக்க வேண்டியது. அதற்கு டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது. நாங்கள் வாராவாரம் ஆமென் சொன்னோமே தவிர, ஒருவரும் அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நானும்தான்.

போன வருடம் எங்கள் லைனில் தைக்கிற பெண் ஒருத்தி, "வாழவே புடிக்கலீங்கக்கா" என்றாள். அரை நாள் லீவு போட்டு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். இப்போது பாடகர் குழுவில் பாடுகிறாள். சுருதிதான் சேர மாட்டேன் என்கிறது.

அன்பானவர்களே, உங்களுக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்தால் வெட்கப்படாமல் யாரிடமாவது சொல்லுங்கள். சொல்லக் கேட்டவர்கள் ஜெபித்துவிட்டு உடனே அவர்களோடு டாக்டரிடம் கிளம்புங்கள். யாருக்குப் பரலோகம் என்பதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அந்தச் செக்கிங் வேலையை அவர் நமக்குக் கொடுக்கவில்லை.