நாள் குறிக்காமல் நான் எழுதிய கடிதம்

நானே என் கையால் எழுதிய கடிதம் ஒன்று, ஐந்தாண்டுகள் கழித்து, என் பிழைப்பைப் பறிக்க வந்தது. தாடிக்கொம்புப் பெருமாள் அதிலிருந்து என்னை மீட்டான். அவனைச் சேவிக்கும் உங்கள் அனைவர் முன்னிலையிலும் இதைச் சொல்லியாக வேண்டும் என்பது நான் நேர்ந்துகொண்ட கடன். சொல்லும்போது என் குற்றத்தையும் மறைக்கக்கூடாது என்பது அந்தக் கடனின் ஒரு பகுதி.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. அகரத்தில் வாழ்க்கைப்பட்டுத் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். கணவருக்கு மல்லிகைத் தோட்டம். இரண்டாண்டுகளாக மழையில்லை, கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. பூக்கள் இல்லாத தோட்டத்தைக் காலையும் மாலையும் பார்த்துவிட்டு வருவார். வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தால்தான்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குச் சேரும் ஆசிரியை, சேர்ந்த அன்றே இரண்டு கடிதங்கள் எழுதித் தர வேண்டும். ஒன்று, பணியேற்கிறேன் என்பது. மற்றொன்று, சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன் என்பது. முதற்கடிதத்தில் நாள் குறிக்க வேண்டும், இரண்டாவதில் குறிக்கக்கூடாது. அது தாளாளரின் தகரப்பெட்டிக்குள் போய்விடும்.

"இது எதுக்குங்க ஐயா?" என்று எழுத்தரைக் கேட்டேன்.

"சும்மா வழக்கம்மா. பெட்டியில கெடக்கும், அம்புட்டுத்தான். வெரசா எழுதுங்க, நல்ல நேரம் முடியப்போகுது. முடிஞ்சிட்டா தாளாளரு உங்களை நாளைக்குத்தான் சேத்துக்குவாரு."

அவர் சொன்னது மிகையன்று. பஞ்சாங்கம் பாராமல் தாளாளர் எதுவும் செய்யமாட்டார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கும் நாள் பார்ப்பார். பழுதான மணியை மாற்றுவதற்கும் நாள் பார்ப்பார். நான் எழுதினேன். பொய்யென்று தெரிந்தே எழுதினேன். அதிலும் ஒரு செருக்கு: விலகற்கடிதமேயானாலும் பிழையற்ற தமிழில் அமைய வேண்டும் என்று இரண்டு முறை திருத்தி எழுதினேன். தாளாளர் படித்துவிட்டு, "பேஷ், இதையே மாதிரியா வச்சுக்கலாம்" என்றார். எனக்குப் பின் சேர்ந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தே எழுதினார்கள்.

மணமாகி ஏழாண்டுகள் சென்றபின் கருவுற்றேன். புரட்டாசிக் கடைசியில் பேறு என்று மருத்துவச்சி கணக்கிட்டுச் சொன்னாள். பேறுகால விடுப்புக்கு முறைப்படி விண்ணப்பித்துவிட்டு, ஆடி முடியும்போது எரியோட்டிலிருந்த தாய்வீட்டுக்குச் சென்றேன். மருத்துவச்சியின் கணக்கு பொய்த்தது. ஆவணித் திருவோணத்தன்று விடியலில் என் மகள் பிறந்தாள். பெருமாளின் நாளில் பிறந்தவளுக்குத் தாடிக்கொம்புத் தாயாரின் பெயரையே இட்டோம்: சௌந்தரவல்லி.

அந்த நாள்களை இன்று நினைத்தால், நீருக்கடியில் வாழ்ந்ததுபோல் தோன்றுகிறது. ஓட்டு இடுக்கின் வழியே ஒரு வெளிச்சக்கோடு இறங்கும். சாம்பிராணிப் புகை அதில் மெல்லச் சுழலும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மாலை வெளிச்சமாகிவிடும். கிழமைகள் இல்லை. பால்மணம் மட்டும் இருந்தது.

தந்தையார் மறுநாளே கிராம முன்சீப்பிடம் பிறப்பைப் பதிந்துவிட்டார். பள்ளிக்கும் ஓர் அஞ்சலட்டை எழுத வேண்டும் என்றேன். அம்மா விடவில்லை.

"தீட்டு கழியாம இந்த வீட்டுலேருந்து கடுதாசி வெளிய போகக்கூடாது."

"பள்ளிக்கூடத்துக்குத் தெரிய வேணாமாம்மா?"

"பள்ளிக்கூடம் என்ன, உனக்கு மாமியாரா? பேத்தி பொறந்த சேதி ஒரு மாசம் பிந்திப்போனா கோவிச்சுக்குமாக்கும்! படுத்துத் தூங்குடி."

தீட்டு கழிந்த பின்னும் நான் எழுதவில்லை. அந்த மயக்கம் என்னை விட்டு இறங்கவில்லை.

விடுப்பு முடிந்து, கார்த்திகைத் தொடக்கத்தில் பள்ளிக்குச் சென்றேன். என் வகுப்பில் வேறொருத்தி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தாளாளரின் தங்கை மருமகள் என்று பின்னர் அறிந்தேன். பிள்ளைகள் என்னைக் கண்டு எழுந்து நின்றார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் விழித்தார்கள். எழுத்தர் என் முகத்தைப் பாராமல் ஒரு தாளை நீட்டினார். நான் அளித்த விலகற்கடிதம் ஏற்கப்பட்டு, பணியிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அதில் இருந்தது. எந்த நாளில் அளித்த கடிதம் என்று இல்லை.

எப்படி வீடு வந்தேன் என்று அறியேன். பேருந்தின் பின்புறத்தில் மலைக்கோட்டைப் பாறை, நங்கூரம் அறுந்த கப்பல்போல், வெயிலில் மிதந்து விலகியது மட்டும் நினைவிருக்கிறது. அன்று எனக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை அழுதாள். நானும் அழுதேன்.

என் கணவருக்குச் சித்தப்பா ஒருவர், நீதிமன்ற வாசலில் மனு எழுதுபவர். செய்தி கேட்டு மறுநாளே வந்தார்.

"மருமகளே, ஒரே வார்த்தைதான். 'அது எங் கையெழுத்தே இல்ல'ன்னு சத்தியம் பண்ணு. மிச்சத்தை நான் எழுதிக்கிறேன்."

"அது என் கையெழுத்துதானே மாமா?"

"அட, அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியுமா? ஏலே அப்பு, உம் பொண்டாட்டிக்கு நீயாச்சும் சொல்லு!"

என் கணவர் என் மடியிலிருந்த குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார். பிறகு, "அவ சொல்றதுதான் சித்தப்பா. கடுதாசி எழுதுனவ அவ" என்றார்.

அவர் எனக்கு விட்டுக்கொடுத்த அந்த உரிமை, அப்போது பெருஞ்சுமையாக இருந்தது. பொய் சொன்னால் வேலை கிடைக்கலாம். மெய் சொன்னால் போய்விடும். அப்படித்தான் நான் எண்ணினேன். குழந்தையைத் தோளிலிட்டுக்கொண்டு, முற்பகல் வெயிலில் தாடிக்கொம்புக்கு நடந்தேன். குடகனாற்றில் மணல்தான் ஓடியது. கோயிலில் கூட்டமில்லை. தூண்களில் நின்ற சிற்பங்கள் யாவும் அப்போதுதான் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பவைபோல் இருந்தன. என் மகள் அவற்றை ஒவ்வொன்றாக வெறித்துப் பார்த்தாள்.

நான் வேண்டியதை உள்ளபடி சொல்கிறேன். "பெருமாளே, எனக்கு வேலை வேண்டும். பொய் சொல்லாமல் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கத் தகுதியற்றவள் நான். அந்தக் கடிதத்தை எழுதியபோதே பொய்தான் எழுதினேன். இருந்தாலும் கேட்கிறேன்."

அசரீரி எதுவும் எழவில்லை. கல்லின் குளிர்ச்சியில் முதுகைச் சாய்த்தபடி கண்ணயர்ந்தேன். கனவென்று சொல்லும்படி எதையும் காணவில்லை. துளசியின் மணமும், யாரோ அருகில் அமர்ந்திருப்பதுபோன்ற அமைதியும் இருந்தன. பட்டர் தீர்த்தம் கொடுக்க வந்து எழுப்பினார். எழுந்தபோது ஒன்று தெளிவாகியிருந்தது: பொய் சொல்லப்போவதில்லை. வேலையைப் பற்றித் தெளிவு இல்லை. ஆனால் அன்று மாலை பால் சுரந்தது.

மறுநாள் திண்டுக்கல்லில் ராவுத்தர் என்று எல்லாரும் அழைக்கும் ஒரு வழக்கறிஞரிடம் கணவருடன் சென்றேன். நான் சொல்வதை முழுதும் கேட்டார்.

"கையெழுத்து உங்களுதா?"

"என்னுடையது."

"எழுத்தும்?"

"எழுத்து, வாக்கியம், தமிழ் எல்லாம் என்னுடையவை. நாள் மட்டும் என்னுடையதன்று."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப நீங்க தப்பிச்சீங்க டீச்சரம்மா. 'எங் கையெழுத்து இல்ல'ன்னு வந்திருந்தீங்கன்னா, நாலு நோட்டுப்புத்தகத்தைக் கொண்டாந்து வச்சு உங்க எழுத்தாலேயே உங்களைப் பொய்க்காரியாக்கிடுவாங்க. மனுவுல மொத வரியே 'நான்தான் எழுதினேன்'னு இருக்கட்டும். ரெண்டாவது வரி, என்னைக்கு எழுதினேன், யாரு எழுதச் சொன்னாங்க. கல்வி அதிகாரிக்குப் பதிவுத் தபால்ல போடுங்க. ஒப்புகை அட்டையைப் பத்திரமா வைங்க. கோர்ட்டுக்கு அப்புறம் போவோம்."

எழுந்தவளை மீண்டும் அழைத்தார். "விடுப்பு விண்ணப்பத்தோட நகல் இருக்கா? பிள்ளையோட பிறப்புப் பதிவு நகலையும் வாங்கிப் பையில வச்சுக்கங்க."

"அது எதுக்குங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"இப்பத் தெரியாது. அவங்க கையில நாள் போட்ட காகிதம் ஒண்ணு இருக்கு. நம்ம கையிலயும் நாள் போட்டது நாலு இருக்கட்டுமே. போங்க. உங்க பெருமாளை நீங்க கேளுங்க. நான் என் ரப்பைக் கேக்குறேன்."

மனுவை நானே எழுதினேன். என் கடிதத்தைப் பார்த்துப் பிறரும் எழுதக் காரணமான என் குற்றத்தையும் அதில் சேர்த்தேன்.

தை மாதத்தில், ஆய்வுக்கு வந்த அதிகாரி, தலைமையாசிரியையின் அறையிலேயே விசாரணை வைத்தார். தாளாளர் பட்டு அங்கவத்திரத்துடன் வந்திருந்தார். நான் குழந்தையுடன் நின்றேன். அதிகாரி என் கடிதத்தைக் கையில் எடுத்தார். ஐந்தாண்டுகளில் தாள் பழுத்திருந்தது. மேலே வலப்பக்கத்தில் போட்டிருந்த நாளின் மை மட்டும் நீலமாக மின்னியது. அவர் அதன்மேல் விரலை வைத்தபடி தாளாளரைப் பார்த்தார்.

"இவங்க நாள் போடாம எழுதிக்கொடுத்ததாச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"பச்சைப் பொய்ங்க! இந்தம்மாவே நேர்ல வந்து எங் கையில கொடுத்துச்சு."

"நேர்லயா? நல்லா நினைவிருக்கா?"

"மறக்குமாங்க? அன்னைக்கு ஆவணித் திருவோணம். காலையில பெருமாளைச் சேவிச்சுட்டு வந்து உக்காந்திருக்கேன், 'பிள்ளை பொறந்தா இனிமே வர முடியாதுங்க'ன்னு வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து நிக்குது. நல்ல நாளாச்சேன்னு வாங்கிக்கிட்டேன்."

என் காதில் திருவோணம் என்ற சொல் விழுந்ததும் அறையின் சத்தங்கள் எல்லாம் தொலைவிற்குச் சென்றன. பழைய வெளிச்சக்கோடு ஒன்று, ஓட்டு இடுக்கிலிருந்து இறங்கி அந்த மேசைமேல் விழுந்ததுபோல் இருந்தது. பையிலிருந்து பிறப்புப் பதிவின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஐயா, அன்னைக்கு விடியக்காலையில எரியோட்டுல இவளைப் பெத்துட்டுப் படுத்திருந்தேன்."

அதிகாரி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். தாளாளர் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார். புரட்டாசிக் கடைசியில்தான் பேறு என்று என் விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார். நான் அஞ்சலட்டை எழுதியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். அம்மா தடுத்தாள். புரட்டாசிக் கடைசிக்கு முன்னர் உள்ள நாள்களில் எதை வேண்டுமானாலும் அவர் போட்டிருக்கலாம். தள்ள வேண்டிய நாள்களையெல்லாம் தள்ளி, நாளில் சிறந்த நாளாக, பெருமாளின் நாளையே தேர்ந்தெடுத்தார்.

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை; குழந்தையைப் பார்த்தார். "பெருமாளே, எங் கையாலயே எழுத வச்சுட்டியேப்பா" என்றார். அந்தச் சொல்லில் சினமில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அவர்மேல் எனக்கும் சினமில்லை.

தகரப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார் அதிகாரி. அதற்குள் பன்னிரண்டு விலகற்கடிதங்கள் நாளின்றிக் கிடந்தன. எனக்குப் பின் சேர்ந்தவர்களுடையவை எல்லாம் என் வாக்கியங்கள். மற்ற ஆசிரியைகள் ஒவ்வொருவராக வந்து தத்தம் தாளைப் பெற்றுக்கொண்டபோது, நான் தலைகுனிந்து நின்றேன். கணக்காசிரியை மட்டும் என் காதருகே, "உன் தமிழுக்கு ஒரு கும்பிடு தாயே! இனிமே லீவு லெட்டரு மட்டும் எழுதிக்கொடு" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். மாசி பிறக்குமுன் என் வகுப்புக்குத் திரும்பினேன்.

அன்பர்களே, நான் கோயிலில் வேண்டியது கார்த்திகையில். என் மகள் பிறந்தது ஆவணியில். கேட்கத் தெரியாதிருந்த காலத்திலேயே, கேட்கப்போவதை அவன் கொடுத்து வைத்திருந்தான். எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். இதற்கு மேல் நான் ஆராயவில்லை. மெய்யைச் சொல்லத் துணிந்த பின்னரே அந்தக் கொடை என் கண்ணில் பட்டது என்பதை மட்டும் நன்றாக அறிவேன். தாளாளரும் இன்றும் சந்நிதிக்கு வருகிறார். ஒரே வரிசையில் நின்று ஒரே தீர்த்தம் வாங்கிக்கொள்கிறோம்.

அன்றுமுதல், படித்து முடிக்காத எதிலும் நான் கையெழுத்திடுவதில்லை. நாள் குறிக்காத தாளில் இடுவதே இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரம், வேலைக்கான ஒப்பந்தம், மணவிலக்குக்காக யாரோ எழுதிவந்த தாள் என்று பெண்கள் என்னிடம் கொண்டுவருகிறார்கள். படித்துப் பொருள் சொல்கிறேன்; சட்டம் வேண்டுமிடத்தில் ராவுத்தரிடம் அனுப்புகிறேன்.

உங்களிலும் யாரேனும், கையெழுத்திட்டுவிட்டோமே என்று உறக்கமிழந்திருக்கலாம். அல்லது இடச்சொல்லி யாரேனும் நெருக்கிக்கொண்டிருக்கலாம். அஞ்ச வேண்டா. திருவோணந்தோறும் மாலையில் தாயார் சந்நிதியின் அருகே என் மகளுடன் அமர்ந்திருப்பேன். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் இருவரும் சேர்ந்து அதைப் படிப்போம். பிறகு உள்ளே போய், உள்ளதை உள்ளபடி அவனிடம் சொல்வோம்.