பஸ் படி உயரம்

மரக்காணம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்தபோது, ஊசி போடும் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையைக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், அரையடி உயரத்தில் ஒரு மரப்படி. அவ்வளவுதான்.

முதலில் வந்தவர்களில் ஒருவர் மீன் விற்கும் அக்கா. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்திருந்தன. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி, தினமும் வந்து பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினார்களாம். தினமும் யார் கூட்டிப் போவது? வீட்டிலேயே கிடந்தவரை, பிரஷர் பார்க்கப் போன எங்கள் நர்ஸ் கண்டுபிடித்து என்னிடம் அனுப்பினார். அக்காவின் கணவர் கடலிலிருந்து திரும்பியதும் மொபெட்டில் கூட்டி வருவார்.

மூன்று மாதத்தில் அக்கா கம்பியை விட்டு நடந்தார். ‘தானாக நடக்கிறார்’ என்று பதிவேட்டில் பெருமையாக எழுதினேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

வீடு தேடிப் போனேன். முழங்காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னாக்கா ஆச்சு?”

“கூனிமேட்டு மீன் மார்க்கெட்டுக்குப் போலாம்னு பஸ் ஏறுனேன். காலு எழும்பல. பின்னால நின்னவன் சீக்கிரம் ஏறும்மான்னு கத்துறான். வுழுந்துட்டேன்.” முழங்கால் கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நல்லாத்தான் நடக்க வெச்ச கண்ணு. வூட்டுக்குள்ளயே நடந்து நான் இன்னா பண்றது?”

நடந்து எங்கே போக வேண்டும் என்று நான் அவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மறுநாள் பஸ் நிலையத்தில் நின்றிருந்த டவுன் பஸ்ஸின் கீழ்ப்படியை டேப் வைத்து அளந்தேன். என் மரப்படியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். டிரைவர் எட்டிப் பார்த்து, “இன்னா மேடம், பஸ்ஸுக்கு வைத்தியமா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“கிளம்பறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி கூட்டியாங்க. வண்டிய ஆஃப் பண்ணி வெக்கிறேன்.”

முதலில் அறையிலேயே மரப்படிக்குக் கீழே செங்கல் அடுக்கிப் பழகினோம். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது முடியாத கால் முதலில். பிறகு பஸ் நிலையம். முதல் நாள் பயத்தில் அவர் இழுத்த இழுப்பில் என் துப்பட்டா கிழிந்தது. ஐந்தாம் நாள், “கைய வுடு” என்றார். விட்டேன். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்துவிட்டார்.

“பஸ் கிளம்பட்டும். கூனிமேடு வரைக்கும் போய்ட்டு வர்றேன்.”

நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் உப்பளங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு யார் வந்தாலும், தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால், எங்கே போகணும் என்று கேட்கிறேன். இடுப்பு உடைந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் யோசிக்காமல் சொன்னார்: “கக்கூஸுக்கு மேடம். யாரும் தூக்காம.”

அக்கா இப்போது கூனிமேட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறார். கூடையை மற்ற பெண்கள் ஏற்றி இறக்கித் தருகிறார்கள். வலது கையில் கத்தி நிற்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் வெட்டித் தருகிறார். அந்தக் குறை அவருக்கு இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் என்னிடம் வந்து, கையில் பிடிமானம் வர, முறைத்துக்கொண்டே ரப்பர் பந்தை அமுக்குகிறார்.